கிட்டாரின் தலையெழுத்து: பழைய ஜப்பான் கருவிகளை அறிவது எப்படி?

சென்ற பொங்கலுக்கு முந்தின வாரம். காந்தலூரில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கி, எங்கள் வாசலில் நிற்கும் ஆரஞ்சு மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டிய இளைஞரை எனக்குச் சிறு பிள்ளையிலிருந்தே தெரியும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். கையில் அவருடைய தகப்பனாரின் கிட்டார் பெட்டி. தகப்பனார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. சில வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எண்பதுகளில் மறையூர், மூணாறு, உடுமலைப்பேட்டை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் லீட் கிட்டார் அவர்தான்.

"மாமா, ஒரு லெட்டர் வேணும்" என்றார் பையன். "இது ஒரிஜினல் கிப்சன்தான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். பெங்களூர்ல ஒருத்தர் இருபதாயிரம் அட்வான்சே அனுப்பிட்டார். இன்ஜினியர் பாத்துச் சொன்னா மீதியைத் தர்றேன்னு சொல்றார்."

பணம் தங்கையின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்கு. நியாயமான தேவை. ரயில்வே இன்ஸ்டிடியூட் இசைக்குழுவில் நான் பல வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன், குழுவின் கருவிகளைப் பிரித்து மாட்டியவனும் நானே. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தேன். செம்பழுப்பு நிறத்தில் அழகான கருவி. தலைப்பகுதியில் பொன்னிற எழுத்தில் கிப்சன் என்று எழுதியிருந்தது. பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். பிறகு, "தம்பி, முதல்ல டீயைக் குடி. இது அமெரிக்கா இல்லை, ஜப்பான்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. பணம் போயிற்றே என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "அப்போ அப்பா ஏமாந்துட்டாரா மாமா?"

அந்தக் கேள்விக்கு அன்று இரவு என்னிடம் பதில் இல்லை. மறுநாள்தான் கிடைத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பரண்மேலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். துபாயிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ, கப்பல் வேலைக்குப் போன சித்தப்பா வழியாகவோ வந்து சேர்ந்திருக்கும். அதை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாமலும், இல்லாத பெயரைச் சொல்லி விற்றுச் சங்கடத்தில் மாட்டிக்கொள்ளாமலும் இருக்க, நான் எதையெல்லாம் பார்த்தேன் என்பதை எழுதுகிறேன்.

தண்டவாளத்தில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு தண்டவாளத்தின் வயதும் பிறப்பும் தெரிய வேண்டுமானால் நாங்கள் குனிந்து அதன் வயிற்றைப் பார்ப்போம். செய்த ஆலை, எடை வகை, எஃகின் தரம், உருட்டிய மாதம், வருடம் எல்லாம் அங்கே புடைப்பெழுத்தாக இருக்கும். பக்கத்து ஸ்டேஷனின் பெயர்ப் பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்டவாளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கிட்டாரின் தலையில் இருக்கும் பெயரும் அப்படித்தான். அது விற்றவனின் பெயர். செய்தவனின் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஜப்பான் விஷயத்தில் இது இன்னும் உண்மை. அங்கே ஆலைகள் சில, பெயர்களோ நூற்றுக்கணக்கில். 1946-ல் தொடங்கிய டெய்ஸ்கோ, அறுபதுகளில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏராளமாக ஏற்றுமதி செய்தது. வாங்கும் வியாபாரி எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயரைப் பொறித்துக் கொடுப்பார்கள். கிங்ஸ்டன், கென்ட், ஆடிஷன், ஜெட்சன் என்று ஒரே முகத்துப் பிள்ளைகள் பல பெயரில் உலவியது அப்படித்தான். 1967-ல் டெய்ஸ்கோவைக் கவாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இன்னொரு ஊர் மட்சுமோட்டோ. நம் காந்தலூர் போலவே சுற்றிலும் மலை சூழ்ந்த ஊர். நாகானோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 1951-ல் தொடங்கிய மட்சுமோகு நிறுவனம், சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்தது. தையல் மேசைக்கு மரம் அறுத்த கைகளே பிறகு ஏரியா, வெஸ்டோன், வான்டேஜ், யூனிவாக்ஸ் போன்ற பெயர்களில் கிட்டார் செய்தன. 1987-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அதே ஊரில் 1960-ல் பிறந்தது ஃபூஜிகென். இபனெஸ் என்று இன்று உலகம் அறிந்த பெயர், நகோயாவில் 1908-ல் புத்தகக்கடையாகத் தொடங்கிய ஹோஷினோ குடும்பத்துடையது. ஸ்பெயின் நாட்டில் கிட்டார் செய்த ஒருவரின் பெயர் அது. ஜப்பானியப் பெயரே அல்ல. ஹோஷினோ விற்றார்கள், மரத்தில் கை வைத்தவர்கள் பெரும்பாலும் ஃபூஜிகென் தொழிலாளர்கள்.

பெயர் விஷயத்தில் நம் நாட்டவர்கள் சளைத்தவர்கள் அல்ல. கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன், ஹோப்னர் கருவிகளில் கைபழகாத கிட்டார்க்காரர் நம் பக்கத்தில் அரிது. முதல் பெயரை வேகமாகப் படித்தால் என்னவாகக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று வெளிநாட்டுக் கருவியை இறக்குமதி செய்வது எளிதல்ல. 1991-க்குப் பிறகு கதவு சிறிது சிறிதாகத் திறந்து, கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் நீங்கின. அதுவரை நல்ல மின் கிட்டார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வருபவரின் கையை எதிர்பார்க்க வேண்டும்.

ஆசைக்கோ குறைவில்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பண்ணைபுரத்துப் பாவலர் வரதராஜன் குழு இந்த மலைகளில் பாடியதை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய தம்பி சென்னையில் கிட்டார் வாசிப்பவராக இருந்து, 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவாக அறிமுகமான பிறகு, எங்கள் வயதுப் பையன்களுக்குக் கிட்டார் மீது வந்த பித்தைச் சொல்லி முடியாது. நான் வாங்கிய முதல் சம்பளத்தில் அரிசி வாங்கியதைவிடக் கம்பி வாங்கியதுதான் நினைவிருக்கிறது.

இனி அந்தப் பையனின் கிட்டாருக்கு வருவோம்.

அதன் வடிவம் 'லெஸ் பால்' எனப்படுவது. கிப்சன் நிறுவனம் 1952-ல் அந்தப் பெயர் கொண்ட கலைஞருக்காக வெளியிட்டது. கிப்சன் செய்யும் லெஸ் பாலில் கழுத்துக்கட்டை உடலோடு பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். பின்பக்கம் தடவினால் விரலுக்கு மரம் மட்டும்தான் தட்டுப்படும். எழுபதுகளின் ஜப்பான் நகல்களில் பெரும்பாலும் நான்கு ஸ்குரூவும் ஓர் இரும்புத் தகடும் போட்டு முடுக்கியிருப்பார்கள். கிப்சனும் 1975-ல் மாரடர் போன்ற சில மாதிரிகளைத் தகடு போட்டுச் செய்தது உண்டு. ஆனால் அவற்றின் முகமே வேறு. வளைந்த மேற்பரப்புள்ள லெஸ் பால் வடிவம், பின்னால் நான்கு ஸ்குரூ என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்க வேண்டும். ஃபெண்டர் வடிவக் கிட்டார்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டரும் ஸ்குரூ போட்டதுதான்.

தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். வியர்வைத் துரு படிந்திருந்த இடத்தில் எழுத்து தெரிந்தது: 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்.' மட்சுமோகு ஆலையில் செய்தவற்றில் இப்படிப்பட்ட தகட்டை அடிக்கடி பார்க்கலாம். இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருந்தும் நாற்பது வருடம் யாரும் படிக்கவில்லை. எல்லோரும் தலையையே பார்த்திருக்கிறார்கள்.

எல்லாக் கருவியிலும் இப்படி எழுதியிருக்காது. அறுபதுகளின் கருவிகள் பலவற்றில் நாட்டின் பெயர் ஒரு சிறு ஒட்டுத்தாளில் மட்டும் இருந்தது. அது ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும், அல்லது வேண்டுமென்றே உரிக்கப்படும். அப்போது மற்ற அங்கங்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் தட்டிப் பாருங்கள். கிப்சனின் மேற்பலகை கெட்டியான மேப்பிள் மரம். தட்டினால் மேசையைத் தட்டியதுபோல் இருக்கும். பையனின் கிட்டாரைக் கம்பிகளுக்கு அருகே தட்டியபோது டொக் டொக்கென்று உள்ளே வெற்றிடம் கேட்டது. பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால், மெல்லிய பிளைவுட்டை வளைத்து அழுத்தி, அடியில் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார்கள். எழுபதுகளின் முற்பகுதி ஜப்பான் நகல்களுக்கு இது நல்ல அடையாளம். பிளைவுட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வெட்டும் ஒட்டும் சுத்தமாக இருந்தன. ஐம்பது வருடத்தில் ஓர் இடத்திலும் வாய் பிளக்கவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் எத்தனை கதவுகள் அப்படி நிற்கின்றன?

அடுத்து ஸ்குரூவும் அளவும். இங்கே ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். அமெரிக்கக் கருவியில் எல்லாம் அங்குல அளவு, ஜப்பானில் மில்லிமீட்டர். வால்யூம் கன்ட்ரோலின் நடுத்தண்டு மரத்தைத் துளைத்து வெளிவரும் இடத்தில், அமெரிக்க மரைக் குழாய் எட்டில் மூன்று அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். ஜப்பானியது 7 அல்லது 8 மில்லிமீட்டர். குமிழைப் பிடுங்கினால் தண்டின் நுனியில் பல்பல்லாக இருக்கும்: அமெரிக்க வகையில் 24 பல், ஜப்பான் வகையில் பெரும்பாலும் 18. லென்ஸ் வைத்து எண்ணலாம். பையன் தானே எண்ணினார். பதினெட்டு.

ஸ்குரூத் தலையில் உள்ள கூட்டல் குறியும் கவனிக்கத்தக்கது. ஜப்பானியத் தர அளவில் செய்த கூட்டல் குறி, நம் கடைகளில் விற்கும் பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜப்பான் கிட்டாரில் ஸ்குரூத் தலைகள் அதிகம் சிதைந்திருந்தால் அது பெரும்பாலும் நம் ஊர் ரிப்பேர்காரர்கள் வைத்த கையெழுத்து. நானும் வைத்திருக்கிறேன்.

மூடியைக் கழற்றி வயரிங்கைப் பார்ப்பது அவசியம். அமெரிக்கக் கன்ட்ரோல்களின் முதுகில் ஆறேழு எண்கள் அடிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்றும் செய்த கம்பெனி, கடைசி இரண்டும் வாரம், இடையில் இருப்பது வருடம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். என்ற கம்பெனி, 1377415 என்றால் 1974-ம் வருடத்துப் பதினைந்தாவது வாரம். ஜப்பான் கன்ட்ரோல்களில் இந்த முறை கிடையாது, உருவமும் சிறியது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கன்ட்ரோல் தேய்ந்தால் மாற்றுவார்கள். பற்றாசு புதிதாக மினுங்குகிறதா, பழையதா என்று பார்த்துவிட்டே எண்ணை நம்ப வேண்டும். கோச்சுக்கு மாற்றுச் சக்கரம் போட்டால் சக்கரத்தின் தேதி கோச்சின் தேதி ஆகிவிடுமா?

தலைப்பகுதியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதற்கு அடியில்தான் கழுத்தை நேராக்கும் இரும்புக் கம்பியின் முனை. கிப்சன் மூடிக்கு இரண்டு ஸ்குரூ. ஆசிய நகல்கள் பலவற்றில் மூன்று. இதுவும் மூன்றே.

அறுபதுகளின் டெய்ஸ்கோ வகைக் கருவியை அடையாளம் காண்பது இன்னும் சுலபம். அதற்கு யாரையும் நகல் செய்யும் எண்ணம் இல்லை. மூன்று அல்லது நான்கு பிக்கப், வீட்டு மின்விளக்கு சுவிட்ச் போல மேலும் கீழும் சாயும் சுவிட்சுகள், கோடு போட்ட எஃகுத் தகடு, தலையில் நட்டை ஒட்டி 'ஜீரோ ஃபிரெட்' எனப்படும் கூடுதல் ஃபிரெட், கைக்கு அடங்காத தடித்த கழுத்து. பார்ப்பதற்குப் பழைய வால்வு ரேடியோவும் கிட்டாரும் கலப்புமணம் செய்ததுபோல் இருக்கும். ஒரு காலத்தில் இவற்றைக் கேலி செய்தார்கள். பிக்கப் மேல் பொன்னிறத் தாள் பதித்த வகையை ரை கூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் தம் கிட்டாரில் மாட்டிக்கொண்ட பிறகு, அந்தப் பிக்கப்புக்காகவே பழைய டெய்ஸ்கோக்களைத் தேடுகிறார்கள்.

இபனெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. 1975-ன் பிற்பகுதியிலிருந்து அவர்கள் வரிசை எண் போட்டார்கள். முதலில் ஆங்கில எழுத்து ஒன்று, அது மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். மீதி நான்கு அந்த மாதத்து எண்ணிக்கை. எச் 791234 என்றால் 1979 ஆகஸ்ட். எளிமையாக இருக்கிறது அல்லவா? 1987-ல் முறையை மாற்றிவிட்டார்கள். அதன் பின் முதல் எழுத்து ஆலையைக் குறிக்கும். எஃப் என்றால் ஃபூஜிகென். அடுத்த ஓர் இலக்கம் மட்டும் வருடம். ஆக எஃப் 812345 என்ற எண், பழைய கணக்கில் 1981 ஜூன். புதிய கணக்கில் 1988. எண்ணை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. கூரிய கொம்புகளும், கம்பிகளை இறுக்கிப் பூட்டும் நட்டும், இழுத்து அசைக்கும் பிரிட்ஜும் இருந்தால் 1988. பழைய மாதிரியின் கனத்த உடலும் அசையாத பிரிட்ஜுமாக இருந்தால் 1981.

விற்பவர்கள் அடிக்கடி வீசும் ஒரு சொல் 'லாசூட் கிட்டார்', அதாவது வழக்குக் கிட்டார். இது பெரும்பாலும் பேச்சு வியாபாரம். 1977 ஜூனில் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மீது வழக்குப் போட்டது உண்மை. அந்த வழக்கின் மையம் கிட்டார்த் தலையின் வடிவம். விரித்த புத்தகத்தின் மேல்விளிம்பு போன்ற அந்த வெட்டு. வழக்கு வருவதற்கு முன்பே இபனெஸ் அந்தத் தலையை மாற்றத் தொடங்கிவிட்டது. 1978-ல் சமரசமாக முடிந்தது. வழக்கில் இருந்தது அந்த ஒரு பெயர்தான். ஆனால் இன்று எழுபதுகளின் ஜப்பான் நகல் எதுவாக இருந்தாலும் வழக்குக் கிட்டார் என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள்.

வழக்குப் போட்டுப் பயனில்லை என்று உணர்ந்த ஃபெண்டர் வேறு வழியில் போனது. 1982-ல் ஜப்பான் வியாபாரிகளோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் என்று தொடங்கி, ஃபூஜிகென் ஆலையிலேயே செய்யச் சொன்னது. தொடக்கக் கருவிகளின் எண் ஜேவி என்று ஆரம்பிக்கும். 1982 முதல் 1984 வரை. எஸ்கியூ, ஈ என்பவை அதை அடுத்து வந்தவை. இவற்றில் 'மேட் இன் ஜப்பான்' என்று கழுத்தில் எழுதியிருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அது 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று மாறி, 2008 வாக்கில் மறுபடி பழைய சொல்லுக்கே வந்தது.

ஜப்பான் பெயர் இருந்தால் ஜப்பானில் செய்தது என்றும் நினைக்க வேண்டாம். 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஓட்டலில் வல்லரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் யென்னின் மதிப்பு ஏறியது. டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது இரண்டே வருடத்தில் 150-க்குக் கீழே வந்தது. ஜப்பானில் செய்து மலிவாக விற்பது முடியாத காரியமாயிற்று. விலை குறைந்த மாதிரிகள் கொரியாவுக்கும் தைவானுக்கும் பிறகு இந்தோனேசியாவுக்கும் போயின. யமஹா கிட்டாரில் 'மேட் இன் தைவான்' என்று இருந்தால் அது போலியல்ல. வேறு ஆலை, அவ்வளவுதான். யமஹா 2019 முதல் சென்னையை அடுத்தும் ஆலை வைத்திருக்கிறது. அங்கே அகூஸ்டிக் கிட்டார்கள் செய்கிறார்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. எபிஃபோன் என்பது அமெரிக்கப் பெயர். ஆனால் 1970 முதல் எண்பதுகளின் தொடக்கம் வரை பல எபிஃபோன்கள் மட்சுமோட்டோவில் பிறந்தவை.

பையனின் கிட்டாரில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது இவை எதுவும் அல்ல. விரல் பதியும் பலகை. கம்பிகளைக் கழற்றிவிட்டு ஈரத் துணியால் துடைத்தபோது கருஞ்சிவப்பில் ஊதா ஓடும் அந்த ரேகை தெரிந்தது. மலைக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தை வெட்டி அனுப்ப அறுபதுகளின் இறுதியில் தடை வந்தபின், உலகக் கிட்டார்க்காரர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியைத் தேடி வந்தார்கள். நம் மலையில் வளர்ந்த மரம் கப்பலேறிப் போய், ஜப்பான் கிட்டாரில் பலகையாகி, துபாய் வழியாக மறுபடி மலையேறி வந்திருக்கிறது. 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வாத்தியக்காரர்கள் அலைந்து திரிந்து முறையிட்டபின், 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். கேரளத்தில் ஈட்டி ராஜமரம்; நம் சொந்த வேலியில் நின்றாலும் நினைத்தபடி கோடாலி வைக்க முடியாது. ஆகையால் பழைய கிட்டாரின் விரல்பலகையை யாராவது 'கறுப்பாக இல்லையே' என்று ஷூ பாலிஷ் போட்டுத் தேய்க்க வந்தால் தடுங்கள். துளி எண்ணெய் போதும்.

கடைசியாகத் தலைக்கு வந்தோம். கிப்சனின் உயர்ந்த மாதிரிகளில் பெயர் சிப்பி ஓடு பதித்து, அதன்மேல் வார்னிஷ் ஏற்றியது. நகத்தால் வருடினால் வழவழவென்று போகும். இதில் நகம் தடுக்கியது. லென்ஸில் பார்த்தால் பொன் எழுத்து வார்னிஷுக்கு மேலே இருந்தது. தூரிகை மயிர்க் கோடுகளும் தெரிந்தன. கை எழுதிய எழுத்து. அதற்குக் கீழே, பழைய பெயர் சுரண்டப்பட்ட நிழல்.

"விக்கிற கடைக்காரன் எழுதியிருப்பானா மாமா?" என்று கேட்டார் பையன். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. கடிதம் மட்டும் தர முடியாது என்று சொன்னேன். அந்த ஒரு தாளால் பெங்களூர்க்காரர் ஏமாறுவார். ஏமாற்றியது என் கையெழுத்தாக இருக்கும். பையன் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு பனிக்குள் போனார். அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நர்சிங் கட்டணம் கண்முன் நின்றது.

மறுநாள் காலை அவருடைய தாயாரே வந்தார். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே சிரித்துவிட்டார்.

"அண்ணே, அவரை யாரும் ஏமாத்தலை. துபாயில ஒரு பிலிப்பினோக்காரர்கிட்ட வாங்கும்போதே ஜப்பான்னு தெரிஞ்சுதான் வாங்கினார். இங்க வந்து கச்சேரிக்குப் போனா, ஏற்பாடு பண்றவங்க 'என்ன கம்பெனி கிட்டார்'னு கேப்பாங்களாம். பேர் தெரியாத கம்பெனின்னா நூறு ரூபாய் குறைப்பாங்க. அதுக்குத்தான் உடுமலையில போர்டு எழுதற ஆர்ட்டிஸ்டுகிட்ட குடுத்து எழுதி வாங்கினார். நான் பக்கத்துலதான் நின்னேன். புஸ்தகத்துல இருந்து படத்தைக் கத்தரிச்சுக் குடுத்ததே நான்தான்."

"பையன்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"அவன் கேட்டதே இல்லைண்ணே. எங்கப்பா கிட்டார் கிப்சன்னு பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான். அவரும் கேட்டுட்டுச் சிரிச்சுட்டே இருப்பார்."

பையன் திண்ணையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "அந்த எழுத்தை அழிச்சிடலாமா மாமா?" என்று கேட்டார். தாயார் விடவில்லை. "இருக்கட்டும்டா. விக்கத்தான் கூடாது. பீசுக்குச் சீட்டு எடுத்துக்கலாம்" என்றார். பெங்களூர்க்காரருக்கு அன்றே அட்வான்ஸ் திரும்பிப் போயிற்று. உண்மையைச் சொன்னதும் அவர், ஜப்பான் என்றாலும் பரவாயில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம் என்றாராம். பேச்சு அதற்குமேல் போகவில்லை.

பிறகு இரண்டு நாள் அந்தக் கிட்டாரோடு இருந்தேன். கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவிசையில் இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் முறுக்கியபடியே பரணில் வைத்தால் எந்தக் கட்டையும் வளையும். உள்கம்பியின் நட்டைக் கால் சுற்று இறுக்கி, ஓர் இரவு விட்டு, மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் முறுக்கினால் கம்பி அறுந்துவிடும். அதன்பின் கழுத்தையே பிளக்க வேண்டும். இரண்டு பிக்கப்பும் மல்டிமீட்டரில் உயிரோடு இருந்தன. வால்யூம் கன்ட்ரோலின் கரகரப்பு துப்புரவுத் திரவத்தில் போயிற்று. மூன்றாவது கம்பியின் கீ மட்டும் பல் தேய்ந்திருந்ததால் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வரச் சொல்லி மாற்றினேன். பழையதைக் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதிப் பெட்டியிலேயே வைத்தாயிற்று. அடுத்து யாராவது அடையாளம் பார்க்க வந்தால் குழம்பக்கூடாது.

வீட்டில் பழைய கிட்டார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு: எண்ணுள்ள தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்தி வையுங்கள். உட்பகுதியைக் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்குரூ எங்கே இருந்தது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காந்தலூர்ப் பக்கம் வந்தால் கொண்டுவந்து காட்டலாம். நான் விலை சொல்வதில்லை; எங்கே, எப்போது செய்தது என்பதைச் சேர்ந்து பார்ப்போம். மழைக்காலத்தில் வேண்டாம், சின்னாறு வழியில் அடிக்கடி மரம் விழுகிறது. பூண்டு அறுவடை முடிந்தபின் வாருங்கள்.